பேனாவால் வரைந்த காது

போத்தலில் இருந்தது சிங்களமும் இங்கிலீசும்.
எனக்குச் சிங்களம் பேச வரும்,
எழுத்து மட்டும் சுருண்டு சுருண்டு போய்விடும்.
மஸ்கெலியா பார்மசி நிலூகா
மேசைப் பேனாவை எடுத்து
போத்தல் வயிற்றில் ஒரு காது வரைந்தாள்,
தோடு போட்ட காது.
பக்கத்தில் ஒரு கண். கண்ணின் மேல் பெருக்கல் குறி.
சின்னவளின் கண் மருந்தும் இதே உயரம், இதே வெள்ளை மூடி,
கரண்ட் போன ராத்திரியில் கை மாறும் என்று
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில்
பதினோரு வருசம் நின்ற காது இது.
அரிக்குதென்று தீக்குச்சி விட்டார்,
பிறகு சைக்கிள் சாவி,
பிறகு என் கொண்டை ஊசி.
வீங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும்.
தொங்கல் காம்பராவிலிருந்து கரண்டியில் வந்தது
பூடு காய்ச்சிய எண்ணெய், ஆவி பறக்க.
வாங்கி ரசத்துக்குத் தாளித்தேன்.
ஆஸ்பத்திரியில் டொக்டர் லைட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு
சவ்வில் ஓட்டை இல்லை, அதனால் இந்த மருந்து, என்றார்.
இருந்திருந்தால் வேறு.

நாங்கள் பேசி ஒன்பது நாள்.
ஓமானுக்குப் போகிறேன், ரெண்டு வருசம், என்று நான் சொன்ன ஞாயிறு
காது கேட்காதவர் போல எழுந்து போனார்.
மறுநாள் அந்தப் பக்கம் உண்மையிலேயே கேட்கவில்லை.

ஆகவே எல்லாம் வாயில்லாமல் நடந்தது.
கையைக் கழுவினேன். பாயைத் தட்டினேன்.
அவர் வந்து நல்ல காதை என் மடியில் கவிழ்த்துப் படுத்தார்.
சன்னல் கட்டையில் இருந்த போத்தல் பனியாய்க் குளிர்ந்திருந்தது.
அப்படியே விட்டால் தலை சுற்றும், லயமே சாயும்.
அடுப்பில் காட்டக் கூடாது.
கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கைக்குள்
உருட்டிக்கொண்டே இருந்தேன்.
காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்தேன்.
(கைக்குழந்தைக்கென்றால் கீழே.)
கொழுந்து கிள்ளுகிற அதே ரெண்டு விரல்,
கிள்ளாமல் பிடித்துப் பழக்கம் இல்லை.
போத்தல் நுனி தோலில் படாமல்
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
துவாரத்துக்கு முன்னால் இருக்கிற குட்டி மேட்டை
மெல்ல அமுக்கினேன். கண்ணை மூடினார்.

ஐந்து நிமிஷம் எழும்பக் கூடாது.

கீழ்க் காதை நான் அடைத்திருக்கிறேன்,
மேல் காதை மருந்து.
இந்த லயத்தில் எனக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததே இல்லை.
பேசினேன்.
முதல் நாள் கடனைப் பற்றி மட்டும்.
இரண்டாம் நாள், பாஸ்போட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டதை.
மூன்றாம் நாள் வலி இல்லை, போதும் என்று தலையை ஆட்டினார்.
ஏழு என்று விரல் காட்டினேன்.
டொக்டர் சொன்ன கணக்கு அது.
எனக்கும் இன்னும் சொல்ல இருந்தது.
நாலாம் நாள், பயமாக இருக்கிறதென்று சொன்னேன்.
அதை அதுவரை எனக்கே நான் சொல்லியிருக்கவில்லை.
ஐந்தாம் நாள் தகரத்தில் மழை, பேச்சில்லை.
ஆறாம் நாள், சின்னவளுக்கு யார் தலை பின்னுவது
என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

என் கைச்சூட்டில்
வரைந்த காது தினம் கொஞ்சம் அழிந்தது.
தோடு மட்டும் மிச்சம்.

ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.
வெளியே வழிந்ததை மட்டும் துணியால் துடைத்தார்,
உள்ளே எதையும் விடவில்லை.
"பாஸ்போட்டு குடுத்தியே, அந்த ஏஜென்சிக்காரன்,
ஹட்டன்லயா, கண்டியிலயா?"

இரண்டாம் நாள் சொன்னது.
என் தொடையில் கிடந்த நல்ல காது
எலும்பு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.

ஹட்டன், என்றேன்.
"சனிக்கிழம நானும் வாறேன்.
அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு
தமிழ்ல வாசிக்கச் சொல்லுவோம்."

போத்தலில் பாதி மருந்து மீதி.
தொங்கல் காம்பராக்காரி கேட்டாள்,
அவள் மகனுக்கும் காதுதானாம்.
கொடுக்கவில்லை.
விடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு
ஆஸ்பத்திரிக்கு அவளோடு நடந்தேன்.